உடம்புக்கு ஒரு விடுமுறை

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். சித்திரை மாதம். பகலில் 40 டிகிரியைத் தொட்ட வெயில், இருட்டிய பிறகும் மண்டபத்துச் சுவர்களிலிருந்து இறங்கிப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை என் சிநேகிதரின் மகன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினீயர். மேடையில் கோட்டு, அதற்குள் கையில்லாத இன்னொரு கோட்டு, அதற்குள் சட்டை, அதற்குள் பனியன், இத்தனைக்கும் மேல் முத்திரை வைத்தாற்போல் கழுத்தில் டை என்று நின்றுகொண்டிருந்தான். முகத்தில் பூசிய பவுடர் வியர்வையில் கரைந்து வாய்க்கால் வெட்டிக்கொண்டு வழிந்தது. பரிசை நீட்டிக் கை குலுக்கினேன். பையன் என் காதோரம் குனிந்து, "மாமா, இன்னும் எத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க?" என்றான்.

கை கழுவுவதற்காகப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே தலைமைச் சமையற்காரர் அண்டாவில் ரசம் இறக்கிக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் ஒரு துண்டு, மேலே ஒன்றுமில்லை. அந்த மண்டபத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான். நிம்மதியாக இருந்தவரும் அவர் ஒருவர்தான்.

"மாப்பிள்ளை எப்படிங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"வெந்துகொண்டிருக்கிறார்" என்றேன்.

"அப்போ பதம் பாத்து இறக்கிடச் சொல்லுங்க" என்றார் அவர்.

அந்தச் சமையற்காரர் சொன்னதையே நான் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன், அவ்வளவு அழகாகச் சொல்லத்தான் வரவில்லை. நான் ஒரு கட்சிக்காரன். அரசியல் கட்சி அல்ல. மனித உடம்பு வெட்கப்பட வேண்டிய பொருள் அல்ல. அதைச் சற்று நேரமாவது துணியில்லாமல் காற்றிலும் தண்ணீரிலும் இருக்க விடுவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பது எங்கள் கட்சியின் கொள்கை. மேல்நாடுகளில் இந்தக் கொள்கைக்காரர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். இங்கே என் சங்கத்தில் நான் ஒருவன்தான் அங்கத்தினன். தலைவன், காரியதரிசி, பொக்கிஷதாரன் எல்லாம் நானே. என் மனைவி எதிர்க்கட்சி.

முதலில் என் கட்சியின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இருக்கிற ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று செல்லமாக அழைத்தார்களாம். மார்கழிக் காலையில் இங்கே ஸ்வெட்டரும் குல்லாயும் நியாயமான உடைகள். ஆனால் சூளகிரியைத் தாண்டி மேலுமலை இறக்கத்தில் பஸ் இறங்கிவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் கீழே, கிருஷ்ணகிரி மாங்காய் பழுக்கிற வெயிலில் போய் நிற்கிறோம். உடை மட்டும் இறங்குவதில்லை. பெங்களூரில் குளிர்சாதன அறைக்காகத் தைத்த உடை ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி ஓசூருக்கு வருகிறது; ஓசூரிலிருந்து அதே உடை, அதே கழுத்து இறுக்கத்தோடு, கிருஷ்ணகிரிக்குப் போகிறது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி மத்தியானம் இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் டை பறக்கப் போகிறான். எல்.கே.ஜி. குழந்தை கால் முட்டி வரை நைலான் காலுறையும் பூட்ஸுமாக வேனில் அடைபட்டுப் போகிறது. அந்தக் காலை மாலையில் விடுவித்து முகர்ந்து பார்க்கிற தாயார்களுக்கு என் கட்சியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ஓர் உபாயம் வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும்; வழிந்து போனால் பயனில்லை. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்குவதில்லை. அப்படியிருந்தும் கோடைக்கால நாகரிகம் என்று கடையில் தொங்குவதெல்லாம் பாலியெஸ்டராக இருக்கிறது. அதுவும் காற்றுப் புகாதபடி உடம்போடு ஒட்டித் தைத்ததாக இருக்கிறது.

ஆனால் துணியே வேண்டாம் என்பதும் எல்லா இடத்துக்கும் சரியல்ல. என் கட்சிக்காரர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, நான் ஒப்புக்கொள்கிறேன். 1980-ல் சில விஞ்ஞானிகள் பாலைவனத்து பெடூயின்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். தொளதொளவென்று இருக்கும் அங்கிக்கும் உடம்புக்கும் இடையில் காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. ஆகையால் கறுப்பானாலும் வெள்ளையானாலும் உள்ளே இருக்கிற உடம்புக்கு வந்து சேர்கிற சூடு ஒன்றுதான் என்று கண்டார்கள். வெட்டவெளி வெயிலில் தளர்ந்த துணி ஒரு குடை.

எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் போய்ப் பார்த்தாலும் இதே பாடம்தான். லேத்தில் நிற்கிறவன் தோளில் துண்டு போடக்கூடாது, டை கட்டக்கூடாது, மோதிரம் போடக்கூடாது. சுழல்கிற சக்கு துணியின் நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துக்கொள்ளும். பவுண்டரியில் உருகிய இரும்புக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தோல் ஏப்ரன், முழுக்கை, கால்மூடி எல்லாம் வேண்டும். அங்கே உடையை வேலை தீர்மானிக்கிறது. அதே தொழிற்சாலையின் முன்பக்கத்து ஆபீசில்தான் டை தொங்குகிறது. டையினால் எந்த இயந்திரமும் ஓடுவதில்லை, யாருடைய உடம்பும் தப்புவதில்லை. "நான் இயந்திரத்தின் அருகே நிற்க வேண்டியவன் அல்ல" என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு உத்தியோகம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த விவகாரத்தில் சட்டம்கூட நம் நாட்டில் வேர்த்துத்தான் நிற்கிறது. வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு என்பது விதி. கோடையில் கீழ்க் கோர்ட்டுகளில் அது கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சலுகை தருகிறது. சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுகளுக்கும் அந்தச் சலுகை இல்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிக்கொண்டு விழாவுக்குப் போன ஹைகோர்ட் நீதிபதியை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே சட்டசபை ஒரு சட்டம் செய்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வேட்டி பிறந்த ஊரில் வேட்டிக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

இங்கே இன்னொரு நீதிபதி நினைவுக்கு வருகிறார். பம்பாய்க்குப் பக்கத்தில் தாணாவில் 1891-ல் ஜில்லா செஷன்ஸ் ஜட்ஜாக இருந்தவர் சார்ல்ஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்டு. மனைவியை இழந்தவர். அவர் அந்த வருஷம் 'நிர்வாண நம்பிக்கைத் தோழமை' என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். உலகத்திலேயே முறையாக ஏற்பட்ட முதல் நிர்வாண சங்கம் அதுதான் என்று சொல்லுகிறார்கள். ஐரோப்பாவில் அல்ல, நம் நாட்டில்! அங்கத்தினர்கள் மொத்தம் மூன்று பேர். கிராஃபோர்டும், ஒரு பாதிரியாரின் புதல்வர்களான கால்டர்வுட் சகோதரர்கள் இருவரும். பம்பாய்க்குக் குடிதண்ணீர் தருவதற்காக வெட்டிய துளசி ஏரிக்கரையில் மூவரும் ஒரு தரம் துணியில்லாமல் விடுமுறை கழித்தார்கள். 1892-ல் ஜட்ஜுக்கு ரத்னகிரிக்கு மாற்றலாயிற்று. அதோடு சங்கம் முடிந்தது.

இதெல்லாம் அவர் எட்வர்டு கார்ப்பெண்டர் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு எழுதிய கடிதங்களால் நமக்குத் தெரிய வருகிறது. அந்தக் கார்ப்பெண்டர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் சிநேகிதர். அவர் அழைப்பின் பேரில் இலங்கைக்கு வந்து, ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டு, அந்தப் பயணத்தை 1892-ல் புத்தகமாக எழுதியவர்.

அந்த ஜட்ஜின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. நாள் முழுவதும் கழுத்துப் பட்டையும் கோட்டுமாக உட்கார்ந்து பிறருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் தோலுக்குத் தானே விடுதலை எழுதிக்கொண்டாரே என்று நினைப்பேன். பிற்பாடு அவர் விதைத்ததுபோலவே ஐரோப்பாவில் முளைத்தது. 1903-ல் வடஜெர்மனியில் துணியற்றவர்களுக்கென்று ஒரு பூங்கா திறந்தார்கள். இன்று பிரான்ஸின் தென்கரையில் காப் தாக்த் என்ற இடத்தில் ஒரு கிராமமே இருக்கிறது. அங்கே கடைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்களும் உடையில்லாமல் போகலாம். அவர்களிடையே ஒரு மரியாதை உண்டு. யார் எங்கே உட்கார்ந்தாலும் தன்னுடைய துண்டைப் போட்டு அதன் மேல்தான் உட்கார வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் துறந்த மேல்நாட்டானும் கடைசியில் நம் பாட்டனாரின் துண்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறான்.

இனி என் கட்சி தடுக்கி விழுந்த கதை.

பதினைந்து வருஷங்களுக்கு முன்பு, ஒரு நாவலை முடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டோரமாக ஒரு சிநேகிதருக்குத் தோட்டம் இருந்தது. கேழ்வரகும் தக்காளியும் போட்டிருந்தார். நடுவில் ஓட்டுவீடு, பக்கத்தில் பம்பு செட்டு, தண்ணீர்த் தொட்டி. "ஒரு வாரம் போய் இருந்து எழுது" என்று சாவியைக் கொடுத்தார். மனைவி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் என் சங்கத்துக்கு வாய்க்காது. காவற்காரரிடம், "மத்தியானச் சாப்பாட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள், வரும்போது வேலியருகே ஒரு தரம் இருமுங்கள்" என்று ஏற்பாடு செய்துகொண்டேன்.

முதல் நாள் வெட்கமாக இருந்தது. ஆளில்லாத வீட்டில் நிலைக்கண்ணாடியைக் கடக்கும்போது வேறு யாரோ ஒருவன் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் திடுக்கிட்டேன். இரண்டாம் நாள் மறந்துபோயிற்று. மூன்றாம் நாள் தொட்டியில் நெடுநேரம் கிடந்துவிட்டு, ஈரத்தோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். காற்று முதுகில் பட்டது. ஐம்பது வயது வரை என் முதுகுக்குக் காற்று என்றால் என்னவென்று தெரியாது என்று அப்போது தோன்றியது. என் உத்தியோகம், என் ஜாதி, என் எழுத்துக்குக் கிடைத்த பரிசு, கிடைக்காத பரிசு எதுவும் அந்த உடம்பில் எழுதியிருக்கவில்லை. தொப்பையும் நரைத்த மார்பு மயிருமாக ஒரு கிழட்டுப் பிராணி நிழலில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இன்றைக்கும் சொல்லி முடியாது. நாவலின் சிக்கல் அன்று சாயங்காலம் தானாக அவிழ்ந்தது. எங்கள் கட்சிக்காரர்கள் சொல்லுகிற சுகம் பொய்யல்ல என்று சாட்சி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் காலை வேலிக்கு அப்பால் இருமல் கேட்டது. காவற்காரர் இருமல் அல்ல. துண்டைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இடுப்பில் குடத்தோடு ஒரு பாட்டி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"சாமி, துணி கட்டிக்கிட்டீங்களா?"

"கட்டிக்கொண்டேன். என்ன வேணும் பாட்டி?"

"எப்போ சாமி ஊருக்குப் போவீங்க?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல சாமி. எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இந்தப் பம்பு செட்டுலதான் குடிக்கத் தண்ணி பிடிப்போம். நாலு நாளா ஏரிக்கு அந்தப்பக்கம் கிணத்துக்குப் போறோம். தோட்டம் உங்களுது, உங்க இஷ்டம். எங்களுக்குத்தான் இடுப்பு வலிக்குது."

கோபம் இல்லை, கேலி இல்லை. மழை எப்போது விடும் என்று கேட்பதுபோல் கேட்டாள். நான் அன்று மத்தியான பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன்.

நான் யாரையும் தொடவில்லை, யாருக்கும் எதிரில் போய் நிற்கவில்லை, வேலிக்குள்தான் இருந்தேன். இருந்தாலும் வேலிக்குள் நான் துறந்த துணியின் பாரத்தை வேலிக்கு வெளியே சில பெண்கள் நாலு நாள் இடுப்பில் சுமந்திருக்கிறார்கள். பிரான்ஸின் கடற்கரையில் அந்தச் சங்கடம் இல்லை. வருகிறவர்கள் தெரிந்து வருகிறார்கள். வேண்டாதவர்கள் வேறு கடற்கரைக்குப் போகிறார்கள். அவர்களுடைய வேலி யாருடைய குடத்துக்கும் குறுக்கே நிற்பதில்லை. நம் நாட்டில் காலி இடம் என்று ஒருவன் நினைக்கிற இடத்திலெல்லாம் யாரோ ஒருத்தி தண்ணீருக்கோ விறகுக்கோ நடந்து போகிற ஒற்றையடிப் பாதை இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நிர்வாணம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு காரியங்கள் அடங்கிக் கிடப்பதை யோசிக்க ஆரம்பித்தேன்.

இன்றைய கன்னியாகுமரி ஜில்லா அன்று திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்தது. அங்கே சாணார் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக்கூடாது என்று மேல் ஜாதியார் வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்த பெண்களின் துணியைக் கிழித்தார்கள், கலகம் நடந்தது, வீடுகள் எரிந்தன. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26-ந் தேதி மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அந்தப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். அப்போதும், மேல் ஜாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்துத்தான் கொடுத்தார்கள்.

இதற்கும் கிராஃபோர்டு ஜட்ஜின் சங்கத்துக்கும் நடுவில் முப்பத்திரண்டு வருஷங்கள்தான். ஒரே தேசத்தில், ஒரு பக்கம் துணி போட உரிமை கேட்டு அடிபட்டார்கள். இன்னொரு பக்கம் துணி கழற்ற உரிமை தேடி ஏரிக்கரைக்குப் போனார்கள். ஜட்ஜு கழற்றிய துணி அலமாரியில் மடிப்புக் கலையாமல் காத்திருந்தது. திங்கட்கிழமை காலை அதை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் மறுபடியும் ஜட்ஜு ஆகலாம். உடுத்தத் தடையில்லாதவன் உடுத்தாமல் இருப்பதைத்தான் விடுமுறை என்று சொல்ல முடியும். உடுத்த விடாமல் தடுக்கப்பட்டவளுக்கு அது விடுமுறையல்ல, தண்டனை.

1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டிலிருந்து காந்தி முழங்கால் வரையுள்ள ஒரு துண்டோடு வெளியே வந்தார். வரும் வழியில் ரயிலில் கதர் வாங்குங்கள் என்று சொன்னபோது, கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் பதில் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு இல்லாத சட்டை தனக்கு எதற்கு என்று கழற்றினார். முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் தவணை வைத்திருந்தார். அது ஆயுள் முழுவதும் நீடித்தது. பிறரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சட்டையைக் கழற்றினேன், அவரும் கழற்றினார். நான் கழற்றியது என் முதுகுக்குக் காற்று வாங்க. அவர் கழற்றியது அடுத்தவன் முதுகில் துணி இல்லையே என்று. நான் கழற்றியதால் சிலருக்குப் பாதை அடைபட்டது. அவர் கழற்றியதால் சட்டையில்லாதவன் தலை நிமிர்ந்து நடந்தான்.

ஆகவே நிர்வாணத்தில் சுகம் தவிர வேறொன்றுமில்லை என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. ஓசூரிலிருந்து எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குள் காரில் ஐந்து மணி நேரத்துக்குள் சிரவணபெளகொளா போய்விடலாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு சாவுண்டராயன் செய்வித்த கோமடேசுவரர், 57 அடி உயரம், ஒரு நூல் துணியில்லாமல் மலை உச்சியில் நிற்கிறார். காலில் கொடி படர்ந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அவருக்குப் பாலும் மஞ்சளும் அபிஷேகம் செய்கிறார்கள், 2018-ல் நடந்தது. நான் ஒரு சாதாரண நாளில் போனேன். பாட்டி, மருமகள், பள்ளிக்கூடத்துப் பெண் என்று குடும்பம் குடும்பமாக அந்தப் பாதத்தடியில் நிற்கிறார்கள். ஒரு முகத்திலும் கூச்சம் இல்லை. ராஜ்யத்தை வென்ற கையோடு அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறவன் அவன். வேண்டியது ஒன்றுமில்லாதவனிடம் மறைக்க வேண்டியதும் ஒன்றுமில்லை என்பது பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்குகிறது.

ஆனால் அந்தத் திகம்பர மார்க்கத்திலும் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. முழுத் துறவுக்குத் துணியையும் துறக்க வேண்டும். பெண் துணியைத் துறக்கலாகாது. ஆகையால் பெண் பிறவியிலிருந்து நேராக மோட்சம் இல்லை என்பது அவர்கள் சித்தாந்தம். வெள்ளை உடுத்துகிற சுவேதாம்பரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. நம் வீட்டுக் கூடத்திலிருந்து மோட்ச வாசல் வரைக்கும் சட்டையைக் கழற்றுகிற வசதி ஆணுக்குத்தான் வைத்திருக்கிறது.

கன்னட நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒருத்தி அந்தக் கதவைக் கேட்காமலே திறந்துகொண்டு போனாள். அக்கா மகாதேவி. கூந்தலையே போர்வையாகக் கொண்டு கல்யாணபுரத்துச் சபைக்கு வந்தாள் என்பது வரலாறு. அல்லமப்பிரபு அவளைக் கேட்டாராம்: எல்லாம் துறந்தவளுக்குக் கூந்தல் மறைவு எதற்கு? தனக்காக அல்ல, பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்பதற்காக என்பது அவள் சொன்ன பதிலின் சாரம். எனக்குத் தோட்டத்துப் பாட்டியின் நினைவு வந்தது. உலகத்தையே விட்டுவிட்டவள் பிறருடைய பார்வைக்கு இடம் விட்டாள். ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டவனுக்கு அது தோன்றவில்லை.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாறைமேல் வரிசையாக ஆண்கள் ஜட்டியோடு மல்லாந்து கிடக்கிறார்கள்; எண்ணெய் தேய்த்து அடித்துப் பிசைகிறார்கள்; கண்ணை மூடிக்கொண்டு சுகமாக முனகுகிறார்கள். நானும் கிடந்திருக்கிறேன். பத்தடி தள்ளி அவர்கள் வீட்டுப் பெண்கள் புடவையும் பாவாடையுமாக, சுடிதாரும் துப்பட்டாவுமாக அருவியில் நனைந்து, நனைந்த துணி உடம்பில் ஒட்டிக்கொள்ளாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே காவேரித் தண்ணீர். எங்கள் உடம்புக்கு விடுமுறை. அவர்கள் உடம்புக்கு அங்கேயும் உத்தியோகம்.

இதைப் பார்க்க ஒகேனக்கல்வரை போயிருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு வெட்கம். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் நான் வாசல் திண்ணையில் வெற்றுடம்போடு துண்டும் விசிறியுமாக உட்கார்ந்து நாகரிகத்தைத் திட்டியிருக்கிறேன். உள்ளே அடுப்பங்கரையில் என் மனைவி புடவையும் ரவிக்கையும் பாவாடையுமாக எனக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். வயது ஏறிய பிறகு அவள் நைட்டிக்கு மாறினாள். அந்த நைட்டியை இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் பரிகாசம் செய்திருக்கிறார்கள்! நானும் ஒரு கதையில் செய்திருக்கிறேன். உண்மையில் நம் பெண்கள் தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கொண்ட ஒரே கோடைச் சலுகை அதுதான். பருத்தி, தளர்த்தி, காற்றோட்டம் என்று பெடூயின் அங்கியின் குணங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. ஆனால் வாசலில் மணி அடித்தால் போதும். கேஸ்காரனோ, பக்கத்து வீட்டுப் பையனோ, யாராக இருந்தாலும், கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும். மேல்நாட்டான் உட்காருவதற்குத் துண்டு, எனக்கு விசிறிக்கொள்ளத் துண்டு, அவளுக்கு மறைத்துக்கொள்ளத் துண்டு.

ஒரு பங்குனி மத்தியானம் மூன்றாம் தடவை மணி அடித்தபோது, அவள் துண்டைத் தேடிக்கொண்டே, "உங்க சங்கத்துல பொம்பளைங்களைச் சேர்த்துக்க மாட்டீங்களா?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை.

கட்சியை நான் கலைத்துவிடவில்லை. உடம்பு அவமானம் அல்ல என்பதும், கிருஷ்ணகிரி வெயிலில் அந்தப் பையன் கழுத்தில் கட்டியிருந்தது அறியாமை என்பதும் இன்றும் என் கொள்கைதான். ஆனால் கொள்கையில் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன். நான் கழற்றுவதால் யார் கூடுதலாகப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால், என் சுகத்தை அவர் விலை கொடுத்து வாங்கித் தருகிறார் என்று அர்த்தம்.

இப்போது எங்கள் வீட்டில் பங்குனி பிறந்தால் வாசல் திண்ணையின் தட்டியை இறக்கிவிடுகிறோம். காற்று வருகிற அந்த இடத்தில் அவள் நாற்காலி போட்டுக்கொண்டு, நைட்டியோடு, தோளில் துண்டு இல்லாமல், காலை நீட்டி உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் என் பருத்திச் சட்டை ஒன்று தொங்குகிறது. மணி அடித்தால் நான் எழுந்து, சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு, கேட்டருகே போகிறேன்.